சுவரில் கரையிறங்கிய குதிரைகள்

திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் நீலமாய்த் தெரிகிறது. கண்ணுக்கு மலை எளிதில் தெரிந்துவிடுகிறது. நாயக்கர் கால ஓவியன் சுவரில் தீட்டிய மலையும் மரமும் மனிதனும் மட்டும் நமக்கு ஏனோ எளிதில் தெரிவதில்லை. 'பழைய படம்' என்று கடந்துவிடுகிறோம். இது பார்வைக் குறையன்று; பயிற்சிக் குறையே.

இங்கிருந்து தென்காசி வழியே தெற்கே சென்றால், தாமிரவருணிக் கரையில் திருப்புடைமருதூரை அடையலாம். அங்குள்ள நாறும்பூநாதர் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரத்தின் உட்சுவர்களில் ஓவியங்கள் நிறைந்துள்ளன. புராணக் காட்சிகளோடு போர்க்காட்சியும் உண்டு. அதனை 1532இல் நடந்த தாமிரவருணிப் போரோடு இணைத்துக் காணும் ஆய்வாளரும் உளர். ஒரு சுவரில் குதிரைகளை ஏற்றிவந்த மரக்கலம் காட்டப்பட்டுள்ளது. கலத்தில் வந்தோரை அரபு வணிகர் என்பர் பலர்.

இக்காட்சி வெறுங்கற்பனையன்று. ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து காயலுக்குக் குதிரைகள் வந்திறங்கியதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ குறித்துள்ளார். கடற்கரையில் நடந்த வணிகம், ஆற்றங்கரைச் சிவன் கோயிலின் சுவரில் ஏறியிருக்கிறது. அயலவர் என்று ஒதுக்காமல், தன் உலகின் ஒரு பகுதியாகவே அவர்களை ஓவியன் கண்டான். இதனை நம் மாணவர் அறிய வேண்டாமா?

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. தொப்பியையும் அங்கியையும் மட்டும் கண்டு 'இவர் இன்னார்' என்று அறுதியிடுதல் ஆய்வாகாது. உடை, படைக்கலம், நிற்கும் வரிசை, அருகிலுள்ள காட்சி ஆகியவற்றை ஒருங்கே நோக்க வேண்டும். நமக்கு உவப்பானது என்பதற்காக ஒரு முடிவை ஏற்பதும், உவப்பில்லாதது என்பதற்காக மறுப்பதும் ஒரே தவற்றின் இரு முகங்களே.

இயற்கையையும் அவ்வாறே படிக்க வேண்டும். நாயக்கர் கால ஓவியத்தில் மரம் வெறும் பின்னணியன்று. இலைகளைத் தனித்தனியே எழுதி மர இனத்தை உணர்த்துவான் ஓவியன்; அலைக்கோடுகளும் மீன்களும் நீரைச் சொல்லும். சங்கப் பாடல்களில் கருப்பொருள் திணையை உணர்த்துமாறு, ஓவியத்தில் மரமும் நீரும் இடத்தை உணர்த்துகின்றன. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் பயின்ற தமிழ் மாணவனுக்கு இச்சுவர் அந்நியமாகுமா?

இச்சுவர்களின் மீது சுண்ணாம்பு பூசுவோர் ஒருபுறம். ஆணியால் தம் பெயரைக் கீறுவோர் மறுபுறம். பின்னவருள் படித்தவரும் உளர் என்பதே நம் வேதனை. ஒரு பெயரைக் கீற ஒரு நொடி போதும். அதன்கீழ் அழியும் ஒரு முகத்தை எந்நூற்றாண்டும் திருப்பித் தராது.

ஆகவே, தமிழ்த்துறைகள் ஆண்டுக்கொருமுறையேனும் மாணவரை இத்தகைய சுவர்களின் முன் அமரச் செய்ய வேண்டும். கண்டதை முதலில் எழுதட்டும். கருதுவதைப் பின்னர் எழுதட்டும். ஏடு படிப்பதோடு சுவர் படிக்கவும் கற்றவரே நம் நாட்டு வரலாற்றை முழுமையாய்ப் படித்தவராவர்.