பசித்தவனின் ஒப்புதல்

உரோமை நகருக்குத் தெற்கே உள்ளது லத்தீனா மாவட்டம். 1930களில் சதுப்பு நிலத்தை வடித்துத் திருத்திய வளமான வயல்வெளி அது. அங்குக் காயும் கனியும் பறிக்கும் கைகளுள் பல, பஞ்சாபிலிருந்து பிழைக்கச் சென்றவை. 2024 ஜூன் மாதம் அவ்வயல்களில் உழைத்த இந்திய இளைஞர் ஒருவரின் கையை இயந்திரம் துண்டித்தது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல், அவரைக் குடியிருப்பின் அருகே இறக்கிவிட்டார்கள். துண்டான கை பழப்பெட்டியில் கிடந்தது. இரண்டு நாளில் அவர் உயிர் நீத்தார். வேலை ஒப்பந்தம் ஏதுமின்றி உழைத்தவர் அவர்.

கொடியவன் ஒருவனின் செயல் என்று இதனை ஒதுக்கிவிட முடியுமா? ஆள் சேர்த்து, வண்டியிலேற்றி, கூலியில் பங்கு பிடிக்கும் இடைத்தரகு முறை இத்தாலியில் நெடுநாளாய் வேரூன்றியது. கங்காணியின் கீழ் இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்றோரின் வழிவந்த நமக்கு அது புரியாததன்று. 2011இல் அம்முறை குற்றமாக்கப்பட்டது. 2016இல் வந்த 199ஆம் எண் சட்டம், சுரண்டும் முதலாளியையும் தண்டனைக்கு உள்ளாக்கியது. பின்னும் ஏன் இக்கொடுமை? பருவகால வேலைக்கு வருபவர் முகவரிடம் கடன்பட்டே வருகிறார். அழைத்த முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தால், தங்கும் உரிமையையே இழக்கிறார். நாடு கடத்தப்படுவோம் என அஞ்சுபவர் எவரிடம் முறையிடுவார்?

"விரும்பித்தானே வந்தார்கள்? சொந்த ஊரில் இவ்வளவு கூலி கிடைக்குமா?" என்று கேட்போர் நம்மிடையேயும் உளர். திருத்தந்தை 13ஆம் லியோ 1891இலேயே தம் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் இதற்கு விடை பகர்ந்தார். வறுமையினாலோ, இதனினும் பெருந்தீங்கு நேருமென்ற அச்சத்தினாலோ தொழிலாளி கடுமையான நிபந்தனைக்கு இசைந்தால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் இரையானவரே என்பது அவர் போதனை. பசித்தவன் தலையசைத்தான் என்பதால் அநீதி நீதியாகிவிடாது.

பிடித்து வைத்த கூலி இறைவனை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு திருமுகம் எச்சரிக்கிறது. அக்குரல் இத்தாலிய வயல்களில் மட்டுமா எழுகிறது? நம் வயலில் நாற்று நடும் வெளிமாநிலத்தார் தலைக்கு எவ்வளவு பெறுகின்றனர், தரகர் எவ்வளவு எடுக்கிறார், அவர்கள் எங்கே உறங்குகின்றனர் என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கூலியை உழைத்தவர் கையிலேயே கொடுப்போம். காயமுற்றவரை மருத்துவமனையில் சேர்ப்போம். இவை பிச்சையல்ல, கடன். இக்கடனைத் தீர்க்காமல் பலிபீடத்தை அணுகும் நம் கைகளில் இருப்பது காணிக்கையா, பிறர் கூலியா?