காருக்கு எந்தப் பாலிஷ் வாங்குவது?



கார் என்பது செல்வர் வீட்டுப் பொருள் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. ஞாயிறு காலை நம் கோயில் வளாகங்களில் நிற்கும் வண்டிகளுள் பல, மாதத் தவணையில் வாங்கியவை. வேறு பல, பிறர் ஓட்டிய பின் கைமாறி வந்தவை. சிலருக்கோ அதுவே பிழைப்பு. ஆதலால், வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்தும் சகோதரர் ஒருவர் நமக்கு எழுதிய மடலை இத்திங்கள் எடுத்துக்கொள்கிறோம். அவருடையது கருநீல வண்டி. ஆண்டுக்கு இருமுறை தவறாமல் பட்டறையில் விட்டு இயந்திரத்தால் பாலிஷ் போட்டு வந்தாராம். இப்பொழுது கூரையிலும் பானெட்டிலும் வெண்தேமல் போலப் படர்ந்து, ஓரிரு இடங்களில் உரியவும் தொடங்கிவிட்டதாம். நல்ல பாலிஷ் ஒன்றின் பெயரைச் சொன்னால் இனி அதையே வாங்கி வைத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறார்.

தேமல் விழுந்த இடங்களைப் பொறுத்தவரை விடை கசப்பானது. அவற்றுக்கு உலகில் எந்தப் பாலிஷும் உதவாது. அங்கே பெயின்டின் மேற்படலம் அழிந்துவிட்டது. அந்தப் பாகங்களை மட்டும் பெயின்டரிடம் கொடுத்துத் தேய்த்து, மீண்டும் அடித்து வாங்குவதே வழி. வண்டியின் மற்றப் பகுதிகளைக் காக்க இன்னும் காலம் இருக்கிறது. இது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய செய்தி அன்று என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

குழப்பம் ‘பாலிஷ்’ என்ற பெயரிலேயே தொடங்குகிறது. செருப்புக்குப் பாலிஷ் போடுகிறோம், அது மெழுகு. தோலின்மேல் ஏறி நிற்கிறது. காருக்குப் போடும் பாலிஷும் அவ்வாறே மேலே ஏறி நிற்பதென்று பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அது வேறு இனம். பீடத்துப் பித்தளை மெழுகுதிரித் தாங்கிகளைப் பிராஸோ இட்டுத் துலக்குபவருக்கு இது எளிதில் விளங்கும். துலக்கிய துணி கறுத்துவிடுகிறதே, அக்கறுப்பில் அழுக்கோடு பித்தளையும் கலந்திருக்கிறது. கார் பாலிஷும் தேய்த்து எடுக்கும் பொருளே. கடைத் தட்டில் மூன்று இனங்கள் அருகருகே நிற்கும்: கரடுமுரடாகத் தேய்க்கும் காம்பவுண்டு, மென்மையாகத் தேய்க்கும் பாலிஷ், எதையும் தேய்க்காமல் மேலே படியும் வாக்ஸ் எனும் மெழுகு. மூன்றின் புட்டியிலும் ‘பாலிஷ்’ என்று அச்சிடும் நிறுவனங்கள் உண்டு. எனவே முகப்புப் பெயரை விட்டுவிட்டுப் பின்புறத்துச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். கீறலைப் போக்கும் என்றிருந்தால் அது பெரும்பாலும் தேய்க்கும் இனம். காப்பளிக்கும் என்று மட்டும் இருந்தால் மெழுகு.

எதைத் தேய்க்கிறோம் என்பதையும் அறிய வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் காரின் தகட்டின்மேல் பொதுவாக நான்கு படலங்கள் இருக்கும். துருவைத் தடுக்க மின்சாரத்தின் துணையால் ஏற்றிய அடிப்படலம், அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றிற்கும் மேலே நிறமற்ற ‘கிளியர் கோட்’. நான்கும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் வரைதான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். கிளியர் கோட்டுக்கு வாய்த்தது 40 அல்லது 50 மைக்ரான், அதாவது ஒரு மயிரிழையிலும் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் மருந்து கலந்திருப்பது இந்தப் படலத்தில்தான். முரட்டுக் காம்பவுண்டு இட்டு இயந்திரத்தால் ஒருமுறை தேய்த்தால் சில மைக்ரான்கள் போய்விடும். ஆண்டுக்கு இருமுறை என்று தொடர்ந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். படலம் மெலிந்த பின் வெயில் உள்ளே இறங்கும். முதலில் வெளுக்கும், பிறகு வெங்காயச் சருகு போல உரியும்.

இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதுதான் வேதனை. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரையும், அதன் தோழியான பிரீமியர் பத்மினியையும் பாலிஷ் செய்த கைகள் நம் வாசகர்களிடையே இருக்கும். அவ்வண்டிகளுக்குத் தனிக் கிளியர் கோட் கிடையாது; நிறமே மேற்படலம். தேய்த்த துணியில் வண்டியின் நிறம் ஒட்டிக்கொள்ளும். பச்சை வண்டிக்குப் பச்சைத் துணி. ‘போதும், நிறம் போகிறது’ என்று வீட்டுப் பெரியவர் தடுத்துவிடுவார். 1980-களிலிருந்து உலகெங்கும் கார்த் தொழிலில் கிளியர் கோட் பரவிற்று. தேய்ந்து போவது நிறமற்ற பொருள் ஆகையால், இப்பொழுது துணியில் நிறம் தெரிவதில்லை. தடுக்க ஒருவருமில்லை.

கீறல் எப்படி மறைகிறது? வெயிலில் நிறுத்திய கருநிறக் காரில், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வட்ட வட்டமான கோடுகள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் ஒரு சிறிய பள்ளம். பாலிஷ் அப்பள்ளத்தை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டத்துக்குத் தேய்த்து இறக்குகிறது. எண்ணெயும் மெழுகும் கலந்து பள்ளத்தை மூடிக் காட்டும் பாலிஷ்களும் உண்டு. நான்கைந்து கழுவலில் கோடுகள் மறுபடி எட்டிப் பார்க்கும். அவற்றை ஏமாற்று என்று நாம் சொல்லமாட்டோம். படலம் ஏற்கெனவே மெலிந்துவிட்ட பழைய வண்டிக்கு, தேய்ப்பதைவிட மூடிக் காட்டுவது எவ்வளவோ மேல். ஆழமான கீறலின் குறுக்கே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அதை விட்டுவிடுங்கள். அதன் அடிவரை தேய்ப்பது அறிவுடைமை ஆகாது.

பாலிஷில் தேய்க்கும் பொருள், பெரும்பாலும் மிக நுண்ணிதாக அரைத்த அலுமினியம் ஆக்சைடு. இயற்கையில் அதுவே குருந்தக்கல். மாணிக்கமும் நீலமும் அதன் இனமே. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே தமிழின் ‘குருந்தம்’ என்பதிலிருந்து போனதென்று அகராதிகள் கூறுகின்றன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1902-இல் சிலர் இக்கல்லைத் தோண்டவே ஒரு நிறுவனம் தொடங்கினர். தோண்டி எடுத்தது குருந்தமே அன்று, வேறு கல் என்று பின்னர் தெரிந்தது. விழுந்த நிறுவனம் உப்புத்தாள் செய்து எழுந்தது. அதுவே இன்றைய 3எம். தளபாடப் பாலிஷ் செய்வதற்காக 1901-இல் பிறந்த மெகுவியர்ஸ் நிறுவனத்தை 2013-இல் அது வாங்கிக்கொண்டது.

சரி, எதை வாங்குவது? நம் கருத்து இதுவே: வீட்டில் ஒரே ஒரு தேய்க்கும் புட்டி இருக்கட்டும், அது ‘ஃபினிஷிங்’ வகையைச் சேர்ந்த மிக மென்மையான பாலிஷாக இருக்கட்டும். மெகுவியர்ஸில் எம்105 முரட்டுக் காம்பவுண்டு, எம்205 மென்மையானது. 1888 முதல் இத்தொழிலில் இருக்கும் ஜெர்மானிய மென்சர்னாவில் எண் கூடக் கூட மென்மை கூடும்: 400 முரடு, 2500 நடுத்தரம், 3500-உம் 3800-உம் மென்மை. பெயரைவிட இனம் முக்கியம். மென்மையானதை முதலில் இரண்டு கையகல இடத்தில் மட்டும் இட்டுப் பாருங்கள். அது போதுமானால் அங்கேயே நிற்க வேண்டும். போதாவிட்டால்தான் அடுத்த கடுமை. அதற்கும் புட்டி வாங்கி வீட்டில் வைக்காமல், தேர்ந்த கையிடம் ஒருமுறை கொடுப்பது நலம். பெயின்டின் கடினம் வண்டிக்கு வண்டி மாறும். மெர்சிடிஸ் பென்ஸ் 2003-இன் இறுதியிலிருந்து நுண்ணிய பீங்கான் துகள் சேர்ந்த கடினமான கிளியர் கோட்டைப் பயன்படுத்திற்று. அத்தகைய வண்டிக்கு ஏற்றது என்று அயலார் புகழ்ந்த காம்பவுண்டு உங்கள் சிறிய வண்டிக்குப் பொருந்தும் என்பதில்லை.

நிழலில், தகடு குளிர்ந்திருக்கையில் செய்யுங்கள். கதவு விளிம்புகளிலும் உடலின் மடிப்புக் கோடுகளிலும் படலம் மெல்லியது. அங்கே கையை அழுத்த வேண்டாம். ஒரே அச்சில் சுழலும் பழைய வகை இயந்திரம், பழகாத கையில் நொடியில் பெயின்டைச் சுட்டுவிடும். சுழன்றுகொண்டே அலையும் புதிய வகை அவ்வளவு அபாயமில்லை. பற்பசையால் கீறல் போகும் என்போரும் உண்டு. போகும், அதிலும் தேய்க்கும் பொடி உண்டல்லவா? எவ்வளவு போகும் என்பதை அளந்து அதைச் செய்யவில்லை என்பதே நம் தடை.

இத்தனையும் சொன்ன பின், கோடுகள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்லாவிட்டால் பயனில்லை. பெரும்பகுதி நம் கையாலேயே வருகிறது. காலையில் வண்டியை எடுக்குமுன், முந்தைய நாள் புழுதியை உலர்ந்த துணியால் தட்டித் துடைப்பது நம் ஊர்களில் ஏறக்குறைய ஒரு சடங்கு. ஓட்டுநர்கள் அதைக் கடமையாகவே செய்கின்றனர். புழுதியில் இருப்பது மணல். உலர்ந்த துணியால் அதை இழுப்பதும் உப்புத்தாளை இழுப்பதும் ஒன்றே. துடைக்க வேண்டுமானால் முதலில் நீரால் புழுதியை இறக்குங்கள். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் துணியை அலச வெறும் நீர். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரை வெயிலில் உலர விடாதீர்கள். அதன் வெண்புள்ளிகளைப் போக்கவே பலர் காம்பவுண்டைத் தேடி ஓடுகின்றனர். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுத்தால் அத்தேவையே எழாது. நம் மடல் சகோதரர் இந்த ஒன்றை மாற்றினால், ஆண்டுக்கு இருமுறை என்பது மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றாகக் கூடும். அவருக்குப் பட்டறைச் செலவும் மிச்சம்.

பல ஆயிரம் ரூபாய்க்குப் பட்டறைகள் இடும் ‘செராமிக் கோட்டிங்’ பற்றியும் சிலர் கேட்கின்றனர். அது நீர் ஒட்டாமல் வைக்கும், கழுவுவதை எளிதாக்கும். ஆனால் கோடுகளைத் தானாகப் போக்காது. கீழே உள்ளவை அப்படியே தெரியும். ஆகவே அதற்குமுன் பட்டறையார் எவ்வளவு தேய்க்கப் போகிறார் என்று கேளுங்கள். படலத்தின் தடிப்பை அளக்கும் சிறு கருவி உண்டு. அதை வைத்து முன்னும் பின்னும் அளந்து காட்டுபவரிடம் மட்டும் வண்டியை விடுங்கள்.

எளிய குடும்பங்களுக்கு மெழுகு போதும். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் கர்னாபா பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு 80 பாகை செல்சியசுக்கு மேலேதான் உருகும். தேன்மெழுகோ 62 முதல் 64 பாகையில் உருகிவிடும். நண்பகல் வெயிலில் காய்ந்த கருநிற பானெட்டின்மேல் அது நில்லாது. கர்னாபா கலந்த மெழுகை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மெல்லியதாகப் பூசித் துடைத்தால், பறவை எச்சமும் மரப்பிசினும் விழுந்தவுடன் பெயின்டைக் கவ்வாது. விழுந்ததை நகத்தால் சுரண்ட வேண்டாம். ஈரத்துணியைச் சற்று நேரம் மேலே போட்டு, ஊறிய பின் எடுத்தால் தானே வந்துவிடும்.