சிறு கரைக்கும் காவல் வேண்டும்

2019ஆம் ஆண்டு நவம்பர் 24 அன்று பெங்களூருவின் ஹுளிமாவு ஏரிக்கரை உடைந்து, நூற்றுக்கணக்கான வீடுகளில் நீர் புகுந்தது. கரையைத் தோண்டியதே காரணம் என அப்போது கூறப்பட்டது. பலர் கண்ணெதிரே உள்ள பொது ஏரிக்கே இந்நிலை என்றால், நகரைச் சூழ்ந்த பண்ணைகளில் தனியார் எழுப்பிய மண்ணணைகளைக் கவனிப்பவர் யார்?

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் குறித்த சிலவற்றுக்குமே பொருந்தும். அவற்றினும் சிறிய கரைக்கு உரிமையாளரே முதற்காவலர்.

மண்கரை பெரும்பாலும் இரு வழிகளில் அழிகிறது. மிகைநீர் வெளியேறும் கலிங்கு அடைபட்டால், வெள்ளம் கரைமேல் வழிந்து அதனை அரிக்கும். மரவேரும் எலிவளையும் வழிவிட்டால், நீர் உள்ளிருந்தே மண்ணைக் கடத்தும். கரையடியில் தெளிந்த கசிவு தோன்றினால் நாள்தோறும் கவனிக்க வேண்டும். கசிவு கலங்கினால், தாழ்வில் வாழ்வோரை எச்சரித்துப் பொறியாளரை உடனே அழைக்க வேண்டும்.

கரை எழுப்பச் சேமிப்பையும் கடனையும் திரட்டும் நாம், அதனைப் பேணத் தனித்தொகை ஒதுக்குவது அரிது. பருவமழைக்கு முன் கலிங்கைத் தூர்வாரவும், புதரை அகற்றவும், வளைகளைத் தோண்டி மண் இட்டு இறுக்கவும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். அதற்கென ஒரு தொடர் வைப்பினை இன்றே தொடங்கலாம். தேக்கிய நீரின் பயன் நமக்கு. கரை உடைந்தால் துயரோ தாழ்வில் வாழும் அண்டை வீட்டாருக்கு. ஆகவே அத்தொகையை அவர்களுக்கு நாம் பட்ட கடனாகவே கருதுகிறோம்.