நெய்வேலியின் பட்சிக் கணக்கு

நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரிக்குக் கணக்கு உண்டு. அங்கே பிறக்கும் மின்சாரத்திற்குக் கணக்கு உண்டு. குடிகளிடமிருந்து வாங்கிய நிலத்திற்கும், கொடுத்த நஷ்ட ஈட்டிற்கும், நட்ட மரங்களுக்கும் கணக்கு உண்டு. இவற்றோடு அந்த மண்ணில் வாழும் பறவைகளுக்கும் ஒரு கணக்கு வேண்டும்; அதை ஊர் ஜனங்களே தங்கள் கையால், தங்கள் பாஷையில் எழுதி வைக்க வேண்டும் என்பது நமது வாதம். நிலத்திற்கு நியாயம் கேட்டுப் போராடுகிறவர்களுக்குக் காக்கை குருவியை எண்ணிக்கொண்டிருக்க நேரம் ஏது என்று சிலர் நகைக்கக்கூடும். அந்தப் போராட்டத்திற்கே இக்கணக்கு அவசியம் என்பதை எடுத்துக் காட்டுவோம்.

1956-ல் மத்திய சர்க்காரின் ஸ்தாபனமாக நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்தது. மறு வருஷம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அன்று முதல் அப்பிரதேசத்தின் பூமியே உருமாறி வருகிறது. வயலும் முந்திரித் தோப்பும் பனையும் இருந்த இடங்களில் திறந்த சுரங்கங்கள் வாய் பிளந்து நிற்கின்றன. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். சுரங்கத்து நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. தோண்டிய மண் குன்றுகளாகக் குவிந்து, அவற்றின்மேல் மரக்கன்றுகள் எழுகின்றன. வட்டம் வட்டமாகப் பிரித்து அமைத்த நகரியத்தில் சாலைதோறும் நிழல் மரங்கள். அதைச் சுற்றிலும் வெட்டுக்குத் தப்பிய கிராமங்கள்.

இந்த மாறுதலைப் பற்றி இரு தரப்பாரும் பேசுகின்றனர். இழந்த பசுமையை ஈடு செய்துவிட்டோம் என்கிறது நிறுவனம். எங்கள் பசுமை அழிந்தது என்கின்றனர் விவசாயிகள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, வயலில் நின்ற நெற்பயிரின்மேல் யந்திரங்கள் ஏறியதை நாடு முழுவதும் பார்த்தது. இரு தரப்பாரும் பசுமை என்ற ஒரே சொல்லைத்தான் உபயோகிக்கின்றனர். ஆனால் பசுமை என்பது ஒரே சரக்கா?

இக்கேள்விக்குப் பட்சிகளே சாட்சி சொல்லும். நிழல் மரங்கள் நிறைந்த தெருவில் குயில் கூவும். வால்காக்கை கிளைக்குக் கிளை தாவும். குக்குறுவான் பட்ட கிளையைக் குடைந்து பொந்து செய்யும். வானம்பாடிக்கோ கௌதாரிக்கோ அந்தத் தெருவால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. அவை திறந்த தரையில் மேய்ந்து, தரையிலேயே முட்டையிடுகிறவை. பனங்காடை வயல்வெளியில் பூச்சி பிடித்து, பட்டுப்போன பனையின் பொந்தில் குஞ்சு பொரிக்கும். வெளியை அழித்துக் காடு வளர்த்தால் குயில் பெருகும், வானம்பாடி மறையும். நீர் விஷயமும் இப்படித்தான். உள்ளான்களுக்கு வேண்டியது முழங்கால் ஆழமுங்கூட இல்லாத சேறு. ஏரி நிரம்பித் தளும்பினால் முக்குளிப்பானுக்குக் கொண்டாட்டம், உள்ளானுக்கு இடமில்லை. ஆகையால் நட்ட மரங்களை எண்ணிக் காட்டுவதால் மட்டும் ஈடு செய்ததாக ஆகாது. எந்த உயிர் வந்தது, எந்த உயிர் போயிற்று என்பதே சரியான கேள்வி.

இது நெய்வேலிக்கு மட்டும் உரிய விஷயமன்று. பறவை பார்ப்போர் ஆயிரக்கணக்கானோர் அனுப்பிய குறிப்புகளைக் கொண்டு, இந்தியப் பறவைகளின் நிலையைப் பற்றி 2023-ல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றுள் 178 இனங்கள் அதிக அக்கறைக்கு உரியவை என்று அது வகுத்தது. மயிலும் குயிலும் பெருகிவர, பனங்காடையும் திறந்த வெளிப் பறவைகள் பலவும் குறைந்து வருவதை அது காட்டிற்று. சாதாரண மனிதர் வீட்டுத் தோட்டத்தில் நின்று குறித்த குறிப்புகளே இதற்கு ஆதாரம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

முற்காலத்தில் நிலைமை வேறு. காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவரான ஹ்யூம் துரை பெரிய பட்சி சாஸ்திரி. இந்நாட்டுப் பறவைகளின் தோல்களைப் பல்லாயிரக் கணக்கில் அவர் சேகரித்தார். மகாசபை பிறந்த அதே 1885-ல் அவற்றை லண்டன் கண்காட்சி சாலைக்குக் கொடுத்தார். இந்தியப் பறவையைப் பற்றி அறிய விரும்பிய இந்தியன் கப்பலேற வேண்டியிருந்தது! 1941-ல் சலீம் அலி எழுதிய புத்தகம் அந்த அறிவைச் சொந்த நாட்டாரின் கைக்குக் கொணர்ந்தது. அதுவும் ஆங்கிலம் அறிந்தவர் கைக்கே.

ஆனால் நம் கிராமத்தான் பட்சிகளை அறியாதவன் அல்லன். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வந்து, காலையும் மாலையும் ஆறு மணி அளவில் குரல் கொடுக்கும் பறவைக்கு ஆறுமணிக் குருவி என்று பெயரிட்டவன் அவனே. வேடந்தாங்கல் ஊரார் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாதென்று கும்பினியாரிடம் முறையிட்டு, 1798-ல் உத்தரவு பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்பதை அவர்கள் கண்டிருந்தனர். இல்லாதது அறிவன்று, அதை வருஷந்தோறும் எழுதி வைக்கும் வழக்கமே.

அவ்வழக்கத்தை ஏற்படுத்துவது கஷ்டமன்று. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. ஓரிடத்தில் கால் மணி நேரமாவது நின்று, கண்டவை கேட்டவை அனைத்தையும் இனமும் எண்ணிக்கையும் நேரமும் இடமுமாகக் குறிக்க வேண்டும், விதி அவ்வளவுதான். அபூர்வப் பறவையைத் தேடி அலைய வேண்டியதில்லை. காக்கையையும் மைனாவையும் விடாமல் எழுதுவதே முக்கியம். இன்று மலிந்திருப்பது நாளை குறைந்தால், முன் எழுதிய கணக்கைக் கொண்டுதான் அதை நிரூபிக்க முடியும். நகரியத்தில் ஒரு தெரு, மண் குன்றுக் காட்டில் ஓரிடம், ஓர் ஏரிக்கரை, இன்னும் வெட்டப்படாத ஒரு வயல் ஆகிய நான்கிலும் மாதம் ஒரு முறை இப்படிச் செய்தால், பத்து வருஷத்தில் எந்த மன்றத்திலும் எடுத்து வைக்கத்தக்க சாட்சியம் உருவாகிவிடும். பள்ளி உபாத்தியாயர்களும், சுரங்கத் தொழிலாளரும், கிராமத்து வாலிபரும் சேர்ந்து செய்யத்தக்க வேலை இது.

ஒன்றை மட்டும் எச்சரிக்க விரும்புகிறோம். கணக்கு யாருடைய கட்சிக்கும் ஏவலாளாக இருக்கலாகாது. மண் குன்றுக் காட்டில் புதிய பறவைகள் குடியேறியிருந்தால், நிறுவனத்தின் பேச்சுக்கு அது பலம் தருமே என்று மறைக்கக்கூடாது. வயல்வெளிப் பறவைகள் போய்விட்டிருந்தால், அதை நிறுவனமும் மறுக்கக்கூடாது. பறவைக் கணக்கு, நிலமிழந்த குடிக்குரிய ஈட்டுத் தொகைக்குப் பதிலாகாது. அந்தக் கோரிக்கை தனியே நிற்கிறது. ஆனால் வெட்டிய பூமி மறுபடியும் உயிர் பெற்றதா இல்லையா என்பதை, லாபம் பெறுகிறவரின் வாய்மொழியைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க ஜனங்கள் சம்மதிக்கலாகாது. தன் மண்ணின் கணக்கைத் தானே எழுதத் தெரிந்த ஜனத்தை ஏமாற்றுவது எளிதன்று. வருகிற பொங்கலன்றே நெய்வேலி இவ்வேலையைத் தொடங்கட்டும்.