இரவல் குரல்

ரோமாபுரிப் பிரபு கிராஸஸ் நீராடிக் கொண்டிருக்கிறார். அன்டோனினஸ் என்ற இளம் அடிமை பணிவிடை செய்கிறான். பேச்சு சாப்பாட்டுக்குப் போகிறது. சிப்பியைத் தின்பதும் நத்தையைத் தின்பதும் அவரவர் ருசி, அதில் பாவ புண்ணியம் இல்லை என்கிறார் பிரபு. தமக்கு இரண்டுமே இஷ்டமாம்!

சமையல் குறிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! பெண்ணிடமும் ஆணிடமும் தம் மனம் செல்லும் என்பதைத்தான் ஜாடையாகச் சொல்கிறார்.

1960-ல் வந்த 'ஸ்பார்ட்டகஸ்' படத்துக்காக எடுத்த காட்சி இது. பிரபு, லாரன்ஸ் ஒலிவியர். அடிமை, டோனி கர்ட்டிஸ். ஹாலிவுட்டின் ஒழுக்கக் காவலர்கள் விடுவார்களா? விழுந்தது கத்திரி!

1991-ல் படத்தைப் புதுப்பித்தபோது காட்சி கிடைத்தது. அதன் ஒலி கிடைக்கவில்லை. ஒலிவியர் 1989-லேயே காலமாகிவிட்டார். கர்ட்டிஸ் மீண்டும் பேசிக் கொடுத்தார். ஒலிவியருக்காக ஆன்டனி ஹாப்கின்ஸ் பேசினார். முப்பத்தொரு வருஷம் ஊமையாய்க் கிடந்த காட்சி இரவல் குரலில் வாய் திறந்தது.

வாய் திறந்தவர் யார்? கதையின் வில்லன்! அடுத்த வருஷமே வந்த 'பேஸிக் இன்ஸ்டிங்க்ட்' படத்திலும் இரு பாலாரையும் நாடும் பெண்மீதுதான் கொலைச் சந்தேகம்.

வில்லனாக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு: கண்டும் காணாதிருப்பது. 2005-ல் ஆங் லீ எடுத்த 'புரோக்பேக் மவுண்டன்' படத்தில் ஒருவரையொருவர் நேசிக்கும் இரு ஆடவரும் பெண்களை மணந்து, குழந்தையும் பெறுகிறார்கள். ஆண்கள் இருவரின் காதல் கதை என்று ஒரே சீட்டை ஒட்டிவிட்டார்கள். மனைவியரிடமும் அந்த மனங்களில் ஏதேனும் ஈரம் இருந்ததா என்று கேட்டவர் சிலரே. கடைசியில் யார் கையைப் பிடிக்கிறாரோ, அதை வைத்தே ஒருவருக்குப் பெயர் சூட்டிவிடுகிறோம்.

நேர்மையாகச் சொல்ல முடியாதா? முடியும். 1971-லேயே ஜான் ஷ்லெசிங்கர் 'ஸண்டே பிளடி ஸண்டே'யில் சொன்னார். ஓர் இளைஞன், அவனை நேசிக்கும் ஒரு பெண், ஓர் ஆண் டாக்டர். கொலை இல்லை, வில்லன் இல்லை. எந்தக் காதலிலும் உள்ள காத்திருப்பும் ஏமாற்றமுந்தான்.

கொட்டகை இருட்டில் அத்தகைய மனத்தோடு யாரேனும் உட்கார்ந்திருக்கலாம். அது நம் வீட்டுப் பிள்ளையாகவோ பெண்ணாகவோ இருக்கலாம். திரையில் தன்னைத் தேடினால் கொலைகாரி அகப்படுகிறாள். இல்லாவிட்டால் யாருமே அகப்படுவதில்லை. அந்தக் குழந்தையாவது இரவல் குரலுக்குக் காத்திராமல், சொந்தக் குரலில் நம்மிடம் பேசட்டுமே!