கள்ளத்தோணி

சட்டப் புத்தகத்தில் இடம்பெறாத சொற்கள் சில, சட்டத்தைக் காட்டிலும் கடுமையாகத் தண்டிக்க வல்லவை. இந்தியாவிலிருந்து அனுமதியின்றிக் கடல் கடந்து வந்தவரைக் குறிக்க எழுந்த ‘கள்ளத்தோணி’ என்ற சொல், நாளடைவில் அனுமதியோடு வந்தவரையும் இம்மண்ணிலேயே பிறந்தவரையும் சுடும் வசைச்சொல்லாயிற்று. மலையகத் தொழிலாளிமீது அதனை வீசியோர் அனைவரும் வேற்று மொழியினர் அல்லர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்கள் வேண்டியிருந்தனர். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து அவர்களைத் திரட்டிவரக் கங்காணிமார் அனுப்பப்பட்டனர். பிற்காலத்தில், மண்டபம் முகாமில் நோய்ச் சோதனை முடிந்தால் தலைமன்னாருக்குக் கப்பலேறலாம் என்ற நிலை இருந்தது. சுதந்திரத்தை அடுத்து, 1948இல் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தன. நேற்றுவரை பாதையாக இருந்த கடல் எல்லையாயிற்று. ஆனால் அக்கரையில் வறுமை நீங்கவில்லை. இக்கரையில் உறவு அறுந்துவிடவுமில்லை. ஆகவே இரவில் தோணிகள் வந்தன. அவற்றைத் தடுக்க 1952இல் இராணுவமும் கரையோரக் காவலில் ஈடுபடுத்தப்பட்டது.

அரசாங்கத்தின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தன் வாசலில் யாரை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. பத்திரமற்றவன் குறைந்த கூலிக்கு உழைத்தால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் தாழும் என்ற அச்சமும் பொய்யன்று. ஆனால் அவன் ஏன் குறைந்த கூலிக்கு இசைகிறான்? முறையிட்டால் நாடு கடத்தப்படுவோம் என்ற பயமே காரணம். அப்பயத்தால் ஆதாயம் அடைபவன் அவனை வேலைக்கு வைத்தவன். வேலை கொடுத்தவனை விட்டுவிட்டு, வேலை செய்தவனை மட்டும் பிடிக்கும் கொள்கை மலிவுக் கூலியை ஒழிக்காது, வளர்க்கவே செய்யும்.

அறம் பற்றிய கேள்வி இதனினும் கனமானது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கு பிறந்தவன் தன் தந்தையும் இங்கு பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிறுவவேண்டும். லயத்தறையில் பிறந்தவனுக்குப் பூட்டனின் பிறப்புச் சான்று எங்கிருந்து கிடைக்கும்? களவாக வந்தவர் சிலர், நாடற்றவராக்கப்பட்டவரோ இலட்சக்கணக்கானோர். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்ட மக்களுக்கோ பேச்சு மேசையில் இடம் இருக்கவில்லை. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

காலம் தோணியின் திசையை மாற்றியது. 1986 ஆகஸ்டில், கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழரை மீனவர்கள் மீட்டனர். 2013 முதல் அவுஸ்திரேலியா, கடல்வழி வருவோரைத் திருப்பியனுப்புவதைக் கொள்கையாகவே கொண்டுள்ளது. அவ்வாறு திருப்பப்பட்டோரில் நம்மவரும் உண்டு. நம் பிள்ளைகளைப் பிறர் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்றபோது நம் நெஞ்சு கொதித்தது. அதே கொதிப்பு மலையகத்தாரின் நெஞ்சிலும் முன்பு எழுந்திருக்கும் என்று நம்மில் எத்தனைபேர் எண்ணிப்பார்த்தோம்? உயிருக்கு அஞ்சி ஓடிவருபவனுக்கும் பிழைப்புத் தேடி வருபவனுக்கும் சட்டத்தில் பேதம் உண்டு, அப்பேதம் அவசியமானதே. எனினும் இருவரும் மனிதர் என்பதை எந்தச் சட்டமும் மாற்றிவிடாது.

எல்லையைக் காப்பது அரசின் கடமை. ஆனால் ஆட்கடத்திப் பொருள் சேர்ப்பவனையும், பத்திரமற்றவனின் அச்சத்தை விலைக்கு வாங்குபவனையும் அது முதலில் தண்டிக்கட்டும். சிலர்மேல் உள்ள ஐயத்தை ஓரினத்தின்மேல் ஏற்றாதிருக்கட்டும். தலைமுறை தலைமுறையாக உழைத்தவனிடம் பத்திரம் கேட்குமுன், அவன் உழைப்பால் எழுந்த தேயிலை மலைகளை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கட்டும். நமக்கும் ஒரு கடமை உண்டு. பள்ளி முற்றத்தில் ஒரு மாணவன் மற்றொருவனைப் பார்த்து இந்தச் சொல்லை உச்சரித்தால், ஆசிரியர் அவனை அதட்டிவிட்டு அப்பால் செல்லாமல், அருகே அமர்த்தி அச்சொல்லின் வரலாற்றைச் சொல்லவேண்டும்.