ஆகாய விமானத்திற்கு ஓய்வு! பழமைக்கு எப்போது?

1963-ம் வருஷத்தில் ருஷியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த மிக்-21 என்னும் யுத்த விமானம், 62 வருஷ காலம் உழைத்துவிட்டு, 2025-ம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி சண்டிகாரில் ஓய்வு பெற்ற விஷயம் வாசகர்கள் அறிந்ததேயாகும். அன்றைய தினம் அதன்மீது தண்ணீரைப் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். பத்திரிகைகள் பத்தி பத்தியாகப் புகழ்ந்து எழுதின. நமது ஆரப்பாளையம் டீக்கடையிலுங்கூட, "அது மாதிரி விமானம் இனி வருமா?" என்று பெருமூச்சு விட்ட தோழர்கள் உண்டு.

பெருமூச்சு விடுவதைக் குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. 1971-ம் வருஷ யுத்தத்தில், டிசம்பர் 14-ந் தேதி, டாக்கா கவர்னர் மாளிகையைத் தாக்கியது இந்த விமானந்தான். உழைத்த யந்திரத்தையும் அதை ஓட்டினவனையும் நினைத்துப் பார்ப்பது மனிதத் தன்மையேயாகும். ஆனால் நினைக்கிறவர்கள் வரவை மாத்திரம் நினைத்து, செலவை மறந்துவிடலாமா என்பதுதான் நமது கேள்வி.

செலவு என்ன? அப்போது இராணுவ மந்திரியாயிருந்த தோழர் ஏ.கே. அந்தோணி 2012-ல் ராஜ்ய சபையில் சொன்ன கணக்குப்படி, மிக் இனத்து விமானங்கள் எல்லாம் சேர்த்து 872-ல், 482 விபத்தில் அழிந்தன. மாண்ட விமானிகள் 171 பேர். பொதுஜனங்கள் 39 பேர். அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. 2023 மே 8-ந் தேதி ராஜஸ்தானத்தில் ஹனுமன்கட் ஜில்லாவில் ஒரு மிக்-21 வீட்டின்மேல் விழுந்து மூன்று பெண்கள் செத்தார்கள். அவர்கள் எந்த யுத்தத்துக்குப் போனார்கள்?

இதைக் கேட்டவுடன் "எல்லாம் தலைவிதி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். தலைவிதியா, தாமதமா என்று பார்ப்போம். இளைஞர்களைப் பழக்க நல்ல பயிற்சி ஜெட் விமானம் வேண்டுமென்று 1982-லேயே லா ஃபோன்டேன் கமிட்டி சொல்லியது. அது விமானப் படைக்கு வந்தது 2008-ல். மிக்-21-க்குப் பதிலாக உள்நாட்டிலேயே ஒரு விமானம் செய்ய 1983-ல் சர்க்கார் உத்தரவாயிற்று. இன்று கோயமுத்தூருக்கடுத்த சூலூரில் இருக்கிற அந்த தேஜஸ் விமானத்தின் முதல் படைப்பிரிவு ஏற்பட்டது 2016-ல். இந்த இருபத்தாறு வருஷமும் முப்பத்து மூன்று வருஷமும் எந்தக் கடவுள் எழுதிய எழுத்து? விதி என்றால் பதில் சொல்ல ஆள் வேண்டியதில்லை. தாமதம் என்றால் பதில் சொல்ல ஆள் வேண்டும். அதனாலேயே விதி என்னும் சொல் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அவ்வளவு இனிப்பாயிருக்கிறது.

சரி, புது விமானம் வந்தபோதாவது புத்தி வந்ததா? 2019 அக்டோபர் 8-ந் தேதி, விஜயதசமியன்று, பிரான்சு தேசத்தில் முதல் ரஃபேல் விமானத்தைப் பெற்றுக்கொண்ட இராணுவ மந்திரி தோழர் ராஜ்நாத் சிங், அதன்மீது "ஓம்" எழுதி, தேங்காயும் பூவும் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். அந்த விமானத்தைச் செய்த பிரெஞ்சுக்காரன் கணக்கைப் போட்டுச் செய்தானா, எலுமிச்சம்பழத்தை நசுக்கிச் செய்தானா? எலுமிச்சம்பழம் காக்குமென்றால் பாராசூட் எதற்கு, பந்தோபஸ்து எதற்கு?

பழைய விமானங்களை மற்ற நாட்டார் எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்து டூசான் நகரத்தை அடுத்த பாலைவனத்தில் ஓர் இராணுவ விமானத் தளம் இருக்கிறது. 1946 முதல் ஓய்வு பெற்ற விமானங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். காற்றில் ஈரமில்லாததால் எளிதில் துரு ஏறாது. தரை கெட்டியானதால் தளம் போட வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் வரிசை வரிசையாக நிற்கும் அவைகளைப் பார்த்துக் கண்கலங்குகிறவர்கள் அங்கும் உண்டு. ஆனால் கண் கலங்கினாலும் கை சும்மாயிருப்பதில்லை. ஒவ்வொன்றையும் சோதிக்கிறார்கள். நல்ல பாகத்தைக் கழற்றி, பறக்கிற விமானத்துக்குப் பொருத்துகிறார்கள். மறுபடியும் பறக்கக் கூடியதைப் பறக்க விடுகிறார்கள். உதவாததை வெட்டி உருக்குகிறார்கள். ஒன்றிரண்டைக் காட்சிச் சாலையில் வைத்து, "இது இன்ன வருஷம் இப்படி உழைத்தது" என்று எழுதிவைக்கிறார்கள்.

பழமையை நடத்த வேண்டிய யோக்கியமான முறை இதுதான். இது நமக்குத் தெரியாததுமல்ல. ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு வருகிற பஸ் வயதாகிவிட்டால் கண்டம் செய்து காயலான் கடைக்கு அனுப்புகிறோம். "என் பாட்டன் ஏறின பஸ், ஆகையால் நானும் இதிலேதான் ஏறுவேன்" என்று எவனாவது சொன்னால் சிரிக்கிறோம். ஆனால் பாட்டன் ஏறின பஸ்ஸில் ஏற மறுக்கிறவன், பாட்டன் கட்டி அழுத ஜாதியை மாத்திரம் ஏன் சோதிக்காமல் சுமக்கிறான்? பெண்ணை அடிமையாக்கும் வழக்கத்தை ஏன் கண்டம் செய்யவில்லை? விமானத்துக்குப் பறந்த மணிக்கணக்கு உண்டு. ஆயுள் கணக்கு உண்டு. ஆட்களைக் கொன்ற கணக்கு விமானத்தைவிட எத்தனையோ மடங்கு அதிகமுள்ள சாஸ்திரத்துக்கு மாத்திரம் ஓய்வு தேதி கிடையாதா?

ஆகவே, தோழர்களே! மிக்-21-க்காகப் பெருமூச்சு விடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதோடு அந்த 171 விமானிகளையும், வீட்டில் இருந்தபடியே செத்த அந்த மூன்று பெண்களையும் நினையுங்கள். ஏன் தாமதம் என்று அதிகாரத்திலிருப்பவர்களைக் கேளுங்கள். பிறகு உங்கள் வீட்டுக்குள் திரும்பி, இன்னும் ஓய்வு கொடுக்காமல் வைத்திருக்கும் பழைய சரக்குகள் என்னென்ன என்று ஒரு கணக்கு எடுங்கள்.